முடி கொட்டுகிறது: மாத்திரையா, ரத்தப் பரிசோதனையா, தூக்கமா, கிளினிக்கா?

"சரியாச் சாப்பிடறதில்லை, தூக்கமும் இல்லை, டென்ஷன் வேற. சீப்பு வெச்சா முடி கொத்தாக் கையோட வருது. எதை முதல்ல சரி பண்றது?"

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் பல தரப்பு. ராத்திரி ஷிஃப்ட் முடித்து விடியற்காலையில் கேப் ஏறும் பெண், நீட் தேர்வுக்கு இரண்டாவது முறை படிக்கும் மாணவி, குழந்தை பிறந்து நான்கு மாதமான அம்மா, உடம்பைக் குறைக்க ராத்திரிச் சாப்பாட்டை விட்ட இளைஞர். எல்லோர் முன்னாலும் நான்கு வழிகள் நிற்கின்றன: கடையில் கிடைக்கும் முடி மாத்திரை, ரத்தப் பரிசோதனை செய்து குறையை நிரப்புவது, தூக்கத்தையும் மன அழுத்தத்தையும் சரிசெய்வது, நேராக முடி கிளினிக்குக்குப் போவது. நான்கையும் ஒரே நேரத்தில் தொடங்க யாரிடமும் பணமும் இல்லை, தெம்பும் இல்லை. அதனால் எது முதலில் என்பதுதான் இங்கே விஷயம்.

## மூன்று மாதக் கணக்கு

தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடி இருக்கும். அதில் பெரும்பகுதி, பத்தில் ஒன்பது பங்கு என்று வைத்துக்கொள்ளலாம், வளரும் பருவத்தில் இருக்கும். இந்தப் பருவம் இரண்டிலிருந்து ஆறு வருடம் வரை நீளும். மீதி முடி ஓய்வில் கிடக்கும். ஓய்வு சுமார் மூன்று மாதம். அது முடிந்ததும் உதிரும். தினம் 50 முதல் 100 முடி போவது இயல்பு என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். வாரம் ஒருமுறை தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பவருக்கு அன்று குளியலறைச் சல்லடையில் சேரும் உருண்டை ஏழு நாள் கணக்கு. அதை ஒரு நாள் உதிர்வாக நினைத்துப் பதறுகிறவர்கள் நிறையப் பேர்.

உடலுக்குப் பெரிய அதிர்ச்சி ஒன்று வந்தால் இந்தக் கணக்கு மாறும். டெங்கு, டைஃபாய்டு, கோவிட், பிரசவம், அறுவை சிகிச்சை, திடீர் டயட், நாள்கணக்கில் உலுக்கும் துக்கம் என எதுவாகவும் இருக்கலாம். வளர்ந்துகொண்டிருந்த முடியில் கணிசமான பங்கு ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். இரண்டு மூன்று மாதம் கழித்து அத்தனையும் சேர்ந்து கொட்டும். அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மேன் 1961-ல் இதற்கு டெலோஜன் எஃப்ளூவியம் என்று பெயர் வைத்தார். இப்போது கொட்டுகிறது என்றால், இரண்டு மூன்று மாதத்துக்கு முன் என்ன நடந்தது என்று காலண்டரைப் புரட்டிப் பாருங்கள். போன வாரம் மாற்றிய ஷாம்பூ மேல் பழி போடுவதில் பயனில்லை.

இன்னொரு விஷயமும் இதிலேயே அடங்கியிருக்கிறது. காரணம் நீங்கிவிட்டால் இந்த உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாகவே அடங்கும். அது அடங்கும் நேரத்தில் நீங்கள் எந்த மாத்திரை, எந்த எண்ணெய், எந்த ஷாம்பூவில் இருந்தீர்களோ அதற்குத்தான் நல்ல பெயர் போகும். "எனக்குக் கேட்டுச்சு, நீயும் வாங்கு" என்று அக்கம்பக்கத்தில் சொல்வதில் பாதி இப்படிப் பிறந்தது.

## எதை வைத்து எடை போடுவது

விலையை மட்டும் பார்த்தால் தவறாகத்தான் முடியும். ஐந்து விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வழி என் காரணத்தைத் தொடுகிறதா? பலன் தெரிய எவ்வளவு காலம்? சொல்லப்படாத செலவு என்ன? காரணம் வேறாக இருந்தால் எனக்கு என்ன நஷ்டம்? ஆறு மாதம் விடாமல் என்னால் செய்ய முடியுமா?

நான்காவது கேள்விக்கு நான் அதிக எடை கொடுக்கிறேன். சில வழிகள் தப்பினால் பணத்தோடு போகும். சில வழிகள், இருக்கும் நோயையே மறைத்துவிடும்.

| வழி | பலன் தெரிய | சொல்லப்படாத செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|
| பயோட்டின் (பி வைட்டமின் வகை), முடி மாத்திரை, மென்று தின்னும் ஜெல்லி | பெரும்பாலும் தெரியாது | ரத்தப் பரிசோதனை முடிவைக் குழப்பும் | பயோட்டின் குறைபாடு உறுதியான மிகச் சிலர் |
| பரிசோதித்துக் குறையை நிரப்புதல் | 3 முதல் 6 மாதம் | மலச்சிக்கல், மறுபரிசோதனை, பொறுமை | மாதவிடாய்ப் போக்கு அதிகம் உள்ளவர், சைவர், டயட்டில் இருப்பவர் |
| தூக்கம், மன அழுத்தம் | தூக்கம் வாரங்களில், முடி மாதங்களில் | வீட்டாரின் ஒத்துழைப்பு, சில சமயம் சம்பளம் | கிட்டத்தட்ட எல்லோருக்கும், ஆனால் தனியாகப் போதாமல் போகலாம் |
| கிளினிக்: மினாக்சிடில் (தலையில் தடவும் மருந்து), பிஆர்பி (சொந்த ரத்தத்தின் ஒரு பகுதியைப் பிரித்துத் தலைத்தோலில் ஊசியாகப் போடுவது) | 4 முதல் 6 மாதம் | நிறுத்தினால் பலன் போகும் | வகிடு அகலமாகிறவர், நெற்றி ஏறுகிறவர் |

## முடி மாத்திரை

விளம்பரத்தில் முதலில் கண்ணில் படுவதும், வாங்க எளிதானதும் இதுதான். டப்பாவில் பெரிய எழுத்தில் பயோட்டின் 5,000 அல்லது 10,000 மைக்ரோகிராம் என்று போட்டிருக்கும். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குப் போதுமானது என்று கணக்கிடப்பட்ட அளவு 30 மைக்ரோகிராம். முட்டை, நிலக்கடலை, ஈரல் என்று சாதாரணச் சாப்பாட்டிலேயே அது கிடைத்துவிடும். பயோட்டின் குறைபாடு அபூர்வம். நாள்கணக்கில் பச்சை முட்டை வெள்ளைக்கரு குடிப்பவர், சில வலிப்பு மருந்துகளை நெடுநாள் எடுப்பவர், பிறவியிலேயே அதைப் பயன்படுத்தும் நொதி இல்லாதவர் போன்றோருக்கு வரும். மற்றவர்களுக்கு இது முடி உதிர்வை நிறுத்தும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை.

பணம் போனால் போகட்டும் என்று விட்டுவிடவும் முடியாது. அதிக அளவு பயோட்டின் பல ரத்தப் பரிசோதனைகளைத் திசைதிருப்பிவிடும். தைராய்டு பரிசோதனையில் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) குறைவாகவும், டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) அதிகமாகவும் பொய்யாகக் காட்டலாம். பார்க்கிறவருக்கு அது தைராய்டு மிகைச் சுரப்பு போலவே தோன்றும். மாரடைப்பைக் கண்டுபிடிக்க உதவும் ட்ரோபோனின் அளவைக் குறைத்துக் காட்டியதால் ஒருவர் இறந்ததாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017 நவம்பரில் எச்சரித்தது. முடி கொட்டலுக்கே தைராய்டு ஒரு முக்கியக் காரணம் என்பதை இத்தோடு சேர்த்துப் பாருங்கள். எந்தப் பரிசோதனை உண்மையைச் சொல்ல வேண்டுமோ, அதையே இந்த மாத்திரை கெடுக்கிறது. ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட்டு, லேபிலும் டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.

"கூட்டுச் சத்து மாத்திரைதானே, கூடினால் என்ன" என்பவர்களுக்கும் ஒன்று. வைட்டமின் ஏ கூடினாலும் முடி கொட்டும், செலினியம் கூடினாலும் முடி கொட்டும். 2008-ல் அமெரிக்காவில் ஒரு சத்து டானிக்கில் லேபிளில் போட்டதைவிட 200 மடங்கு செலினியம் கலந்துவிட்டது. பாதிக்கப்பட்ட 201 பேரில் பெரும்பாலானோருக்கு முடி கொட்டியது.

## பரிசோதித்துக் குறையை நிரப்புதல்

ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் நான் கைகாட்டுவது இதை. கேட்க வேண்டிய பட்டியல் பெரிதில்லை: முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், டிஎஸ்எச், வைட்டமின் டி, பி12. "முடி பேக்கேஜ்" என்று முப்பது நாற்பது பரிசோதனையைக் கட்டி விற்பதில் பாதிக்கு மேல் தேவைப்படாது.

ஹீமோகுளோபின் நன்றாக இருக்கிறதே என்று ஃபெரிட்டினை விட்டுவிடாதீர்கள். ஹீமோகுளோபின் ரத்தத்தில் ஓடும் இரும்பின் கணக்கு. ஃபெரிட்டின் சேமிப்பின் கணக்கு. உடல் சேமிப்பைத் துடைத்தெடுத்த பிறகுதான் ஹீமோகுளோபினில் கை வைக்கும். அதனால் ஹீமோகுளோபின் 12 இருந்தும் ஃபெரிட்டின் 10 இருக்கிற பெண்களைப் பார்க்க முடியும். 15-க்குக் கீழே போனால் பற்றாக்குறை என்கிறது உலக சுகாதார நிறுவனம். முடிக்காகப் பார்க்கும் தோல் மருத்துவர்கள் பலர் 40-ஐயாவது தாண்டட்டும் என்பார்கள். இந்த இலக்கைப் பற்றி அவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை; தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். நம் ஊரில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இரும்பைத்தான்.

ஃபெரிட்டினில் ஒரு சிக்கல் உண்டு. காய்ச்சல், தொற்று, உடலில் நாட்பட்ட அழற்சி இருந்தால் இது தானாக உயர்ந்துவிடும். டெங்கு வந்து போன அடுத்த வாரம் எடுத்த ஃபெரிட்டின் 80 காட்டினால் சேமிப்பு நிறைந்திருக்கிறது என்று அர்த்தமில்லை. சில வாரம் கழித்து எடுப்பது நல்லது.

குறை தெரிந்த பிறகு அதை நிரப்புவதிலும் கவனிக்க வேண்டியது இருக்கிறது. ஒரு இரும்பு மாத்திரை உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது ஒரு நாள் முழுக்கக் குடலின் கதவைச் சாத்திவைக்கும். இரும்பு குறைந்த பெண்களிடம் 2017-ல் வெளிவந்த ஆய்வில், தினம் எடுப்பதைவிட ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தபோது இரும்பு அதிகமாக உறிஞ்சப்பட்டது. வயிற்றுப் பிரட்டலும் மலச்சிக்கலும் தாங்காமல் பத்தாம் நாளே நிறுத்துகிறவர்கள் டாக்டரிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம். காலையில், எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்து எடுப்பது நல்லது. காபி, டீ, கால்சியம் மாத்திரை பக்கத்தில் வரக்கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சின்னக் குழந்தைக்கு இரும்பு மாத்திரை விஷம்.

புரதத்தை எந்த லேபும் சரியாகச் சொல்லாது. அதைத் தட்டில்தான் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2020 பரிந்துரை. 60 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம். காலையில் டீயும் பிஸ்கட்டும், மதியம் ரசம் சாதமும் அப்பளமும், ராத்திரி இரண்டு தோசை என்று ஓடும் நாளில் இதில் பாதிகூடத் தேறாது. ஒரு முட்டையில் ஆறு கிராம். சுண்டல், பருப்பு, தயிர், நெத்திலி என்று வேளைக்கு ஒன்றாவது தட்டில் இருக்கட்டும்.

இந்த வழி எங்கே தோற்கும்? காரணம் உடலின் குறையாக இல்லாமல் அந்தக் குறையை உண்டாக்கும் வாழ்க்கையாக இருக்கும் இடத்தில். மூன்று மாதம் மாத்திரை போட்டு ஃபெரிட்டின் ஏறும், நிறுத்தி ஆறு மாதத்தில் பழையபடி இறங்கும். அப்போது அடுத்த வழியைப் பார்த்தே ஆகவேண்டும்.

## தூக்கமும் மன அழுத்தமும்

"டென்ஷன் ஆகாதே, நல்லாத் தூங்கு, முடி தானா வளரும்" என்று வீட்டில் சொல்வதை அறிவுரையாக எடுத்துக்கொள்ள யாருக்கும் பிடிக்காது. ஆனால் தூக்கம் கெடும்போது சத்து எப்படிக் கெடுகிறது என்று பார்த்தால் இதை ஒதுக்க முடியாது.

ராத்திரி இரண்டு மணிக்கு அலுவலக கேன்டீனில் என்ன இருக்கும்? டீ, வெஜ் பஃப்ஸ், பாக்கெட் சிப்ஸ், சூடு ஆறிப்போன ஃப்ரைடு ரைஸ். அந்த நேரத்தில் சுண்டலையும் முட்டையையும் மனம் கேட்காது, மாவையும் சர்க்கரையையும்தான் கேட்கும். இதை மன உறுதிக் குறைவாக நினைத்து யாரும் தன்னை நொந்துகொள்ள வேண்டாம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 2004-ல் ஆரோக்கியமான 12 இளைஞர்களை இரண்டு ராத்திரி நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தார்கள். நீண்ட நேரம் தூங்கிய நாட்களோடு ஒப்பிட்டபோது, வயிறு நிறைந்தது என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்திருந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் கூடியிருந்தது. மாவுப் பண்டங்கள் மேல் ஆசை கூடியதாகவும் சொன்னார்கள்.

டயட்டில் இருக்கிறவர்கள் அதே பல்கலைக்கழகத்தின் 2010 ஆய்வையும் தெரிந்துகொள்ள வேண்டும். பத்துப் பேர், 14 நாள், குறைந்த கலோரிச் சாப்பாடு. எட்டரை மணி நேரம் படுக்க விட்டபோதும், ஐந்தரை மணி நேரம் மட்டும் விட்டபோதும் எடை ஒரே அளவுதான் குறைந்தது. ஆனால் தூக்கம் குறைந்தபோது கரைந்ததில் கொழுப்பின் பங்கு பாதிக்கும் கீழே போய், தசை போன்ற கொழுப்பில்லாத பகுதி அதிகம் கரைந்தது. முடியை அந்த ஆய்வு அளக்கவில்லை. இருந்தாலும், புரதத்துக்கு உடல் எங்கெங்கோ கைநீட்டும் நேரத்தில், உயிர் வாழத் தேவையில்லாத முடிக்கு முன்னுரிமை கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன்.

அடுத்தது டீ. தூக்கத்தை விரட்ட ஐந்தாறு கப் குடிக்கிறவர் அதைச் சாப்பாட்டோடு குடித்தால், தானியம், கீரையிலிருந்து வரும் இரும்பைத் தேநீரின் டானின்கள் கட்டிவைத்துவிடும். சாயங்காலம் குடித்த கடைசிக் கப் படுத்த பிறகும் ரத்தத்தில் இருக்கும். காஃபீனில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மன அழுத்தத்தில் நெஞ்செரிச்சல் வரும், அதற்குத் தினமும் காலையில் பான்டபிரசோல் போடுவது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. வருடக்கணக்கில் போட்டால் பி12-ம் இரும்பும் உறிஞ்சப்படுவது குறையும். நாட்பட்ட தூக்கக்குறைவு உடலின் அழற்சி அளவைக் கொஞ்சம் ஏற்றிவைக்கிறது. அழற்சி ஏறினால் முன்னே சொன்ன ஹெப்சிடினும் ஏறும். இப்படி ஒவ்வொன்றும் சத்துக் குறையில் வந்து நிற்கிறது.

மன அழுத்தம் முடியை நேரடியாகவும் தொடுகிறது. 2021-ல் ஹார்வர்டில் யா-சியே ஷூ குழுவினர் எலிகளிடம் காட்டியது இது: அழுத்த ஹார்மோன் கூடும்போது முடிவேரின் அடியில் இருக்கும் செல்கள் காஸ்6 என்ற புரதத்தைச் சுரப்பதைக் குறைக்கின்றன, புது முடியை உண்டாக்கும் ஸ்டெம் செல்கள் விழிக்காமல் நீண்ட ஓய்விலேயே கிடக்கின்றன. எலியில் கண்டதை மனிதத் தலைக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் நீண்ட நாள் அழுத்தத்தில் உதிர்ந்த முடி திரும்ப ஏன் தாமதமாகிறது என்பதற்கு இது ஒரு வழிகாட்டி.

இந்த வழி தனியாகப் போதாமல் போகும் இடமும் உண்டு. படுத்ததும் கெண்டைக்காலில் குறுகுறுப்பு, காலை ஆட்டிக்கொண்டே இருந்தால்தான் நிம்மதி, எழுந்து நடந்தால் அடங்கும் என்றால் அது இரும்புக் குறையாலும் வரும். இவர்களுக்கு ஃபெரிட்டின் 75-க்குக் கீழ் இருந்தாலே இரும்பு கொடுத்துப் பார்க்கிறார்கள் நரம்பியல் மருத்துவர்கள். இப்படிப்பட்டவரிடம் "மொபைலை வைத்துவிட்டுத் தூங்கு" என்றால் அவரால் முடியாது. இங்கே இரும்புதான் தூக்க மருந்து.

செலவு? கடையில் எதுவும் வாங்க வேண்டாம். ஆனால் ராத்திரி பத்தரைக்குப் படுக்க வேண்டும் என்றால் பாத்திரம் தேய்ப்பதையும், குழந்தையின் ஹோம்வொர்க்கையும், மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதையும் வீட்டில் வேறொருவர் ஏற்க வேண்டும். பெண்களுக்குத் தூக்க அறிவுரை சொல்லும் யாரும் இந்தச் செலவைக் கணக்கில் எழுதுவதில்லை. ஷிஃப்ட் மாற்றிக் கேட்டால் நைட் அலவன்ஸ் போகும். இதையும் பட்ஜெட்டில் சேர்த்துப் பேசுங்கள்.

## கிளினிக்

மினாக்சிடில், பிஆர்பி இரண்டும் பயனற்றவை அல்ல. பரம்பரையாக முடி மெலியும் தலைக்கு மினாக்சிடில் நன்றாக ஆராயப்பட்ட மருந்து. ஆனால் அதிர்ச்சியால், பட்டினியால், தூக்கமின்மையால் வந்த உதிர்வுக்கு இது முதல் படி இல்லை. தொடங்கிய சில வாரங்களில் உதிர்வு இன்னும் கூடும். ஏற்கெனவே பயந்திருப்பவர் அதைப் பார்த்து நிறுத்திவிடுவார். பலன் வந்தவர் நிறுத்தினால் சில மாதத்தில் வந்தது போய்விடும். கர்ப்பமாக இருப்பவரும் பாலூட்டுபவரும் டாக்டர் சொல்லாமல் தொடக்கூடாது. பிஆர்பி ஒரு தடவைக்கே பல ஆயிரம் ரூபாய், அதுவும் பல தடவை போக வேண்டும். ஃபெரிட்டின் எட்டு இருக்கும் ஒருவருக்கு ரத்தப் பரிசோதனையே எழுதாமல் முதல் நாளே பிஆர்பி பேக்கேஜ் போடச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

வித்தியாசத்தை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். வெள்ளைத் தாளில் உதிர்ந்த முடியை வைத்து வேர்ப்பக்கம் பாருங்கள். ஊசிமுனை அளவு வெள்ளைக் குமிழ் இருந்தால் அது ஓய்வு முடிந்து விழுந்த முடி. குமிழ் இல்லாமல் நடுவில் ஒடிந்திருந்தால் சாயம், ஸ்ட்ரெய்ட்னிங், இறுக்கக் கட்டிய கொண்டை என்று வெளிக் காரணத்தைத் தேடுங்கள். உதிர்வு தலை முழுவதும் பரவலாக இருந்தால் மேலே சொன்ன வழிகள் பொருந்தும். வகிடு மட்டும் வருடா வருடம் அகலமாகிறது, நெற்றி ஓரம் ஏறுகிறது என்றால் தோல் மருத்துவரிடம் சீக்கிரம் போவதுதான் லாபம். காசு வட்டமாக வழுவழுப்பான திட்டு தெரிந்தால் அது புழுவெட்டு. தலைத்தோல் சிவந்து, எரிந்து, தழும்பாகிறது என்றால் வேர் நிரந்தரமாகப் போகலாம். இரண்டுக்கும் இரும்பையும் தூக்கத்தையும் நம்பிக் காத்திருக்கக் கூடாது.

## உங்கள் நிலைக்கு எது

டெங்குவோ கோவிடோ வந்து மூன்றாம் மாதம் கொட்டத் தொடங்கியவர் காத்திருக்கலாம். நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினால் போதும். ஆறு மாதம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் பரிசோதனை.

பிரசவமாகி நான்கு மாதமான அம்மாவுக்கும் காலம் பெரும்பகுதியைச் சரிசெய்யும். ஆனால் பிரசவத்தில் ரத்தப்போக்கு அதிகம் இருந்ததா, கொடுத்த இரும்பு மாத்திரையை முடித்தாரா, தைராய்டு பார்த்தார்களா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். பத்தியம் என்று முட்டை, மீன், கீரை எல்லாவற்றையும் நிறுத்தி வைத்திருந்தால் அதை முதலில் மாற்றுங்கள்.

ராத்திரி ஷிஃப்டை விட முடியாதவருக்கு என் வரிசை இது: முதல் மாதச் சம்பளத்தில் ஃபெரிட்டின், டிஎஸ்எச், பி12. பிறகு டப்பாவில் வீட்டுச் சாப்பாடு, கேன்டீனை நம்பாமல். டீ சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி, கடைசி டீ ஷிஃப்டின் முதல் பாதியில். வீடு வந்ததும் இருட்டான அறை, லீவு நாளிலும் தூங்கும் நேரம் அதிகம் மாறாமல். ஷிஃப்ட் வாரத்துக்கு வாரம் மாறுவதைவிட ஒரே ஷிஃப்டில் சில மாதம் நிற்பது உடலுக்குப் பழகும். மேனேஜரிடம் கேட்கத் தகுந்த கோரிக்கை அது.

தேர்வுக்குப் படிக்கும் மாணவிக்குப் பரிசோதனையும் தூக்கமும் ஒன்றாகவே தொடங்க வேண்டும். ஹீமோகுளோபின் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்ப்பார்கள். அம்மா அப்பாவுக்கு ஒரு வேண்டுகோள்: மூன்று மணிக்கு எழுப்பிப் படிக்க வைப்பதை நிறுத்துங்கள். அவள் தூங்காமல் கிடக்கிறாள், சாப்பாட்டை ஒதுக்குகிறாள், பேச்சு குறைந்துவிட்டது, தன் முடியைத் தானே பிடுங்குகிறாள் என்றால் முடியைப் பற்றிய பேச்சை ஓரம் வைத்துவிட்டு மனநல ஆலோசனைக்கு அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண் நாள் முழுக்க இயங்குகிறது, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.